துரையின் ஜீப் என்று யார் சொன்னது?

போன மாதம் ஒரு இரவு. மறுநாள் கொடுக்க வேண்டிய ஒப்படையை எழுதாமல் விடுதி அறையில் ஆளுக்கொரு போனோடு கிடந்தோம். அறைத்தோழி ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். "இங்க பாரு டி, ஒங்க ஊர்ப் பக்கத்து ஜீப்பாம்."

ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி: லேண்ட்ரோவர் சீரிஸ் டூ. 109 அங்குலம். 1960. வெள்ளைக்காரத் தோட்டத் துரை பாவித்தது. அதன்பின் ஒரே உரிமையாளர். முழுக்க ஒரிஜினல். ஸ்ரீ நம்பர். உண்மையான சேகரிப்பாளர்கள் மட்டும் தொடர்புகொள்ளவும். கீழே போட்டிருந்த விலையைப் பார்த்துவிட்டு, "இந்தக் காசுக்கு எங்க ஊர்ல காணியோட வீடு வாங்கலாம்" என்றாள் அவள்.

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பளபளவென்று புதுப் பச்சை பெயின்ற். பின்கதவின் இடது மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஒட்டு. ஐந்து ரிவிட். நாலு வரிசையாக இருக்கும், ஐந்தாவது மட்டும் கோணல். சின்ன வயதில் அந்தக் கோணல் ரிவிட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டேதான் டவுனுக்குப் போய் வருவேன்.

அது எங்கள் பெரியப்பாவின் ஜீப்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரை பழைய ஜீப் பிரியர்களுக்கு எதிரானதல்ல. நானே ஒரு ஜீப் பைத்தியம். 'ஆர்ட்ஸ் பெக்கல்டி பிள்ளைக்கு ஜீப்பைப் பற்றி என்ன தெரியும்' என்று கேட்கப்போகும் அண்ணாமார் கொஞ்சம் பொறுங்கள், கீழே சசியைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். என் சண்டை இந்த வியாபாரம் சொல்கிற கதையோடு. பழைய ஜீப் வாங்குகிறவர் இரும்புக்கும் அலுமினியத்துக்கும் மட்டும் காசு கொடுப்பதில்லை. அதன் கதைக்குத்தான் பெரும் பங்கைக் கொடுக்கிறார். அந்தக் கதையிலிருந்து வண்டியை ஓட்டியவனையும், பழுது பார்த்தவனையும், அதில் ஏறிப் போனவர்களையும் வெட்டி எறிந்துவிட்டு, துரையை மட்டும் முன் சீட்டில் உட்கார வைத்து விற்கிறார்கள். இதைத் திருட்டு என்றுதான் நான் சொல்வேன்.

வேலைக்குப் பிறந்த வண்டி

இன்றைக்கு இந்த வண்டிகளை 'சாகசம்', 'சுதந்திரம்' என்றெல்லாம் எழுதி விற்கிறார்கள். ஆனால் இவை சாகசத்துக்குச் செய்த வண்டிகளே அல்ல.

வில்லிஸ் ஜீப் இரண்டாம் உலகப் போரின் பிள்ளை. 1941 முதல் 1945 வரை வில்லிஸ் கம்பெனியும் போர்ட் கம்பெனியும் சேர்ந்து ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. 1944-இல் நேச நாடுகளின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் மவுண்ட்பேட்டனோடு கண்டிக்கு வந்தது. நாங்கள் பஸ்ஸில் கடந்துபோகும் பேராதனைப் பூங்காதான் அதன் இருப்பிடம். இப்போது ஜோடிகள் உட்கார்ந்திருக்கும் புல்வெளிப் பக்கமெல்லாம் அன்றைக்கு இராணுவ வாகனங்கள் ஓடின. போர் முடிந்ததும் இராணுவம் கழித்துவிட்ட ஜீப்புகள் உலகம் முழுக்கச் சாதாரண ஆட்களின் கைக்கு வந்தன.

அப்படி ஒரு பழைய ஜீப் பிரித்தானியாவில், ரோவர் கம்பெனியின் பொறியியலாளர் மோரிஸ் வில்க்ஸின் பண்ணையிலும் ஓடியது. இது கெட்டால் வேறு எதை வாங்குவது என்ற கேள்வியில் பிறந்ததுதான் லேண்ட்ரோவர். போருக்குப் பிறகு உருக்குத் தட்டுப்பாடு, அதனால் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். பண்ணை இயந்திரங்களைச் சுழற்ற எஞ்சினிலிருந்து விசை எடுக்கும் வசதியும் வைத்தார்கள். 1948 ஏப்ரல் 30-ஆம் திகதி அம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் அதை உலகத்துக்குக் காட்டினார்கள். விவசாயியின் வண்டி அது. மண்வெட்டி மாதிரி, கவ்வாத்துக் கத்தி மாதிரி ஒரு ஆயுதம்.

அந்த 1948-ஐ நாங்கள் வேறொரு காரணத்துக்காக மனப்பாடம் செய்திருக்கிறோம். அந்த வருடத்துப் பிரஜாவுரிமைச் சட்டம்தான் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. கப்பலில் வந்து இறங்கிய லேண்ட்ரோவருக்கு இந்த நாட்டில் பதிவுப் புத்தகம் கிடைத்தது, இலக்கம் கிடைத்தது. மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களுக்கு ஒரு கடதாசி கிடைக்கவில்லை.

இதை நான் உருவகமாகச் சொல்லவில்லை. என் தாத்தா அந்த ஜீப்பின் டிரைவர். சாரதி அனுமதிப்பத்திரம் இருந்தது, பிரஜாவுரிமை இல்லை. 1988-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அவர் ஓட்டிய வண்டி இலங்கை வண்டி, ஓட்டியவர் எந்த நாட்டுக்காரரும் இல்லை.

ஓட்டியவர் யார், போனவர் யார்

'துரை பாவித்த ஜீப்.' இந்த வசனத்தில் 'பாவித்த' என்ற சொல் நிறைய வேலை செய்கிறது. துரை இடது பக்கம் உட்கார்ந்திருப்பார். வலது பக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது தாத்தா. காலையில் ஐந்து மணிக்கு எழும்பி ரேடியேட்டருக்குத் தண்ணி ஊற்றுவது, சில்லில் ஒட்டிய சேற்றைக் கழுவுவது, பிளேட் ஸ்பிரிங்குக்கு கிறீஸ் அடிப்பது, நடுமலையில் அச்சு உடைந்தால் மழையில் நனைந்துகொண்டு காவல் இருப்பது எல்லாம் தாத்தா. ஜீப்பை ஓட்டியவர் தாத்தா. ஜீப்பில் போனவர் துரை. விளம்பரத்தில் பெயர் போனவருக்கு.

ஜீப் சத்தம் கேட்டால் றோட்டில் நடப்பவர்கள் ஒதுங்கி நின்று தலைத்துண்டை இறக்க வேண்டிய காலம் அது. பிரசவ வலி வந்த பெண்ணைக் கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், ஜீப் பங்களா முற்றத்தில் சும்மா நிற்கும். தாத்தா இதைக் கோபமாகச் சொல்லமாட்டார். "அப்ப அப்டித்தான்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிப்பார். எனக்குத்தான் கோபம் வரும்.

1975-இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாகின. வெள்ளைக்காரத் துரை போய் உள்ளூர்த் துரை வந்தார், 'துரை' என்ற பெயர் மட்டும் மாறவில்லை. 1992-இல் தோட்டங்களின் நிர்வாகம் மறுபடியும் தனியார் கம்பெனிகளிடம் போனது. அதற்கு இரண்டு வருடம் கழித்து எங்கள் தோட்டத்தில் பழைய வண்டிகளை டெண்டர் போட்டு விற்றார்கள். ஓடாமல் புல் முளைத்துக் கிடந்த ஜீப்பைப் பெரியப்பா எடுத்தார். பெரியம்மாவின் தோடும் சங்கிலியும் அடகுக்கடைக்குப் போயின. தோடு திரும்பி வந்தது.

அந்த 1994-இல் இருந்துதான் எங்களுக்குத் தெரிந்த ஜீப்பின் கதை தொடங்குகிறது. பஸ் ஏற முடியாத மேல் டிவிசனிலிருந்து டவுனுக்கு ஹயர். போகும்போது மரக்கறி மூட்டை, வரும்போது மா, சீனி, மண்ணெண்ணெய். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். திருவிழாவுக்குச் சாமி. கல்யாணத்துக்குப் பொண்ணு மாப்பிள்ளை. கண்டி பெரியாஸ்பத்திரியிலிருந்து பொடி. என் அம்மாவை நான் வயிற்றில் இருந்தபோது நள்ளிரவில் கொண்டுபோனதும் அதுதான். உயர்தரப் பரீட்சை நாளன்று மண்சரிந்து றோட் அடைபட்டபோது, கைவிடப்பட்ட மலைப் பாதை ஒன்றில் எங்கள் ஏழு பேரை மண்டபத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அதுதான். அந்த ஏழு பேரில் மூன்று பேர் இன்று கம்பஸில் இருக்கிறோம்.

துரையின் கையில் ஜீப் இருந்த காலத்தில் மலையில் யாருடைய தலையெழுத்தையும் அது மாற்றவில்லை. பெரியப்பாவின் கையில் இருந்த 28 வருடத்தில் மாற்றியது. ஆனால் விளம்பரத்தில் அந்த 28 வருடத்துக்கு இருப்பது இரண்டே சொல்: 'ஒரே உரிமையாளர்'. அதுவும் பாராட்டாக இல்லை, அதிகம் கைமாறாத சாமான் என்று காட்டுவதற்காக.

வாங்குகிற விதம்

இனி வியாபாரத்துக்கு வருவோம்.

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு அந்தத் தடை முழுதாக நீங்க 2025 தொடக்கம் வரை ஆனது. இந்த ஐந்து வருடத்தில் நாட்டில் ஓடிய எல்லா வண்டிக்கும் விலை ஏறியது. பழைய ஜீப் 'முதலீடு' ஆனது. ஒருமுறைகூடச் சேற்றில் இறக்காதவர்கள் எல்லாம் ஜீப் தேடத் தொடங்கினார்கள். அவர்களுக்காகத் தரகர்கள் மலை ஏறினார்கள்.

2022 தொடக்கத்தில் டீசல் லீற்றர் 121 ரூபாய். ஜூன் கடைசியில் 460. அதுவும் நாட்கணக்கில் வரிசையில் நின்றால்தான். பிறகு கியூஆர் கோட் வந்தது, வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். அந்த அளவில் மலைக்கு எத்தனை தடவை ஏறி இறங்க முடியும்? ஹயர் நின்றது. பெரியப்பாவுக்குச் சீனி வருத்தம், காலில் புண். அந்த ஓகஸ்டில் ஒரு தரகர் வந்தார். ஜீப்பைச் சுற்றி நடந்தார், குனிந்து பார்த்தார், தட்டினார், உதட்டைப் பிதுக்கினார். "ஐயா, இது இப்ப வெறும் இரும்பு. ஏதோ பாவம்னு எடுக்குறேன்" என்றார்.

எவ்வளவு கொடுத்தார் என்று எழுதப் பெரியப்பா விடவில்லை, அவருக்கு வெட்கம். விளம்பரத்தில் கேட்கும் விலையில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை என்று மட்டும் எழுதுகிறேன்.

பேப்பர் வேலையும் அப்படித்தான். 'ஓபன் பேப்பர்'. விற்கிறவர் வெற்றுப் படிவத்தில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுக்க வேண்டும், வாங்குகிறவர் தன் பெயரை எழுதமாட்டார். அடுத்த ஆளுக்கு, அதற்கடுத்த ஆளுக்கு என்று வண்டி போய்க்கொண்டே இருக்கும். புத்தகத்தில் மட்டும் பழைய உரிமையாளர் பெயர் நிற்கும். நடுவில் அந்த வண்டி ஆளை அடித்தால், கள்ள மரம் ஏற்றிப் பிடிபட்டால், பொலிஸ் முதலில் வந்து கதவைத் தட்டுவது லயத்தில்தான். விளம்பரத்தில் 'ஒரே உரிமையாளர்' என்று இருக்கிறதே, அதன் இரகசியமும் இதுதான். தரகர் தன் பெயரை எழுதவே இல்லை. இலாபம் அவருக்கு, பொறுப்பு பெரியப்பாவுக்கு.

ஒரிஜினல் என்ற பொய்

'முழுக்க ஒரிஜினல்' என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் ஊர் கராஜ் பாஸ் சிரிப்பார். சீரிஸ் டூவில் வந்தது 2,286 சிசி பெற்றோல் எஞ்சின். மலையில் அதன் குடி தாங்காது. 1998-இல் பெரியப்பா அதைக் கழற்றிவிட்டு ஜப்பான் டீசல் எஞ்சின் வைத்தார். அதைப் பொருத்துவதற்கான மவுண்டுகளைப் பாஸ் தன் கையாலேயே வெட்டி ஒட்டினார். ரேடியேட்டர் ஒரு லொறியினுடையது. சீட் ஒரு வேனினுடையது. இலங்கையில் வேலை செய்து பிழைத்த பழைய ஜீப்புகளில் நிறைய இப்படித்தான் உயிரோடு இருக்கின்றன. இது குறையா? என்னைக் கேட்டால் அந்த வண்டியின் மிகப் பெறுமதியான பகுதியே இதுதான். வெளிநாட்டு உதிரிப்பாகம் கிடைக்காத நாட்டில், படம் இல்லாமல், புத்தகம் இல்லாமல், கையளவும் கண்ணளவும் வைத்து ஒரு வண்டியை அறுபது வருடம் ஓட வைத்த தொழில் அறிவு அது. வியாபாரி அதை மறைக்கிறார். புதுப் பெயின்ற் அடித்து 'ஒரிஜினல்' என்கிறார். பாஸின் கைவேலை இருந்தால் விலை குறையுமாம்.

ஆசைப்பட்டு வாங்க நினைக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு, தெரிந்த சிலதைச் சொல்கிறேன்.

பெயின்றைப் பார்க்காதீர்கள். லேண்ட்ரோவரின் உடம்பு அலுமினியக் கலவை, லேசில் அது ஏமாற்றும். சசி இரும்பு, முன் தடுப்புச் சுவரும் இரும்பு. துரு அங்கேதான் தின்னும். அலுமினியமும் இரும்பும் தொடும் இடங்களில் வெள்ளைப் பொடி மாதிரி அரிக்கும். வண்டிக்கு அடியில் படுத்துப் பின் குறுக்குச் சட்டத்தைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது, மொத்தென்று கேட்டால் உள்ளே ஒன்றுமில்லை. புதுக் கறுப்புப் பூச்சு தடிப்பாக இருந்தால் அதற்குக் கீழே என்ன இருக்கிறதென்று கேளுங்கள்.

அடுத்தது சசி இலக்கம். புத்தகத்தில் இருப்பதும் சசியில் அடித்திருப்பதும் ஒன்றா? எழுத்துகளைச் சுற்றி ஒட்டுப்போட்ட அடையாளம் இருக்கிறதா? செத்துப்போன ஜீப்பின் புத்தகத்தை மட்டும் வாங்கி, எங்கிருந்தோ வந்த பாகங்களுக்கு அந்த இலக்கத்தை வெட்டி ஒட்டி விற்பது இந்த நாட்டில் பழைய தொழில். பிடிபட்டால் வண்டியும் போகும், காசும் போகும். எஞ்சின் மாற்றியிருந்தால் அது புத்தகத்தில் பதியப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாம் சரியென்றால் உங்கள் பெயருக்கு மாற்றி வாங்குங்கள். ஓபன் பேப்பரில் வாங்காதீர்கள். அது உங்களுக்கும் ஆபத்து, விற்ற மனிதருக்கும் துரோகம்.

ஸ்ரீ நம்பருக்கு ஒரு விலை

அந்த விளம்பரத்தில் என்னை அதிகம் உறுத்தியது 'ஸ்ரீ நம்பர்' என்ற சொல். சிங்கள ஸ்ரீ எழுத்துள்ள பழைய தகடு இருந்தால் வண்டிக்கு மதிப்பு கூடுமாம், பழமைக்கு அத்தாட்சியாம்.

தனிச்சிங்களச் சட்டம் வந்ததற்கு அடுத்த வருடம், 1957-இல், வாகன இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ வந்தது. தமிழரசுக் கட்சி 1957-இலும் 1958-இலும் அதற்கு எதிராகப் போராடியது. அந்த எழுத்தின் மேல் தார் பூசியவர்கள் இருக்கிறார்கள், அதற்காகச் சிறை போனவர்கள் இருக்கிறார்கள். 1958 ஏப்ரலில் பண்டா – செல்வா ஒப்பந்தம் கிழிக்கப்பட்டது, மே மாதம் கலவரம் வந்தது. ஒரு எழுத்தைச் சுற்றி இவ்வளவும் நடந்தது.

அந்தத் தகட்டை உடைத்துப் போடச் சொல்லவில்லை. பழைய தகடு பழைய தகடாகவே இருக்கட்டும், அதுவும் சரித்திரம்தான். ஆனால் அதை 'அந்தக் கால அழகு' என்று விற்கும்போது, தமிழ் பிள்ளைகளான நாங்களும் கீழே இதயம் போட்டுவிட்டுப் போகிறோமே, அதுதான் எரிகிறது. எங்கள் வகுப்பிலேயே அந்தத் தகட்டைப் போன் கவரில் படமாகப் போட்டிருப்பவர் இருக்கிறார். அது என்ன எழுத்து, எப்போது வந்தது என்று கேட்டேன். "விண்டேஜ்" என்றார்.

எனக்குக் கிடைத்த பதில்கள்

இதையெல்லாம் நண்பர்களிடம் சொன்னபோது மூன்று பதில் வந்தது. மூன்றும் நியாயமான கேள்விகள்தான்.

முதலாவது: "ஒங்க பெரியப்பா சம்மதிச்சுத்தானே வித்தாரு?" ஆமாம். யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. ஆனால் ஒருவருக்குச் சந்தை விலை தெரியும், மற்றவருக்குத் தெரியாது. ஒருவர் அவசரத்தில் இருக்கிறார், மற்றவர் அந்த அவசரத்தைத் தேடித்தான் மலை ஏறியிருக்கிறார். 'வெறும் இரும்பு' என்று சொல்லி வாங்கியதை 'அரிய பொக்கிஷம்' என்று விற்கிறவர் இரண்டு இடத்தில் ஒரு இடத்திலாவது பொய் சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது: "சேகரிப்பாளர் வாங்காவிட்டால் அது பழைய இரும்புக் கடைக்குத்தானே போயிருக்கும்?" உண்மைதான். எத்தனையோ ஜீப்புகளை வெட்டித் தகரமாக விற்றிருக்கிறார்கள். காசு செலவழித்து ஒரு வண்டியைக் காப்பாற்றுகிறவரை நான் மதிக்கிறேன். ஆனால் பின்கதவின் ஒட்டைக் காப்பாற்றிவிட்டு, அதை ஒட்டியவனின் பெயரை அழித்தால் காப்பாற்றியது எதை? நூதனசாலையில் ஒரு பானையை வைத்தால்கூட எங்கே கிடைத்தது, யார் பாவித்தார்கள் என்று எழுதி வைக்கிறார்கள்.

மூன்றாவது: "அந்தப் பழைய டீசல் புகையை றோட்டில் விடுவதைவிட வீட்டில் காட்சிக்கு நிறுத்துவது நல்லதுதானே?" இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. புகை மோசம்தான். ஆனால் எங்கள் மேல் டிவிசனுக்கு அந்த ஜீப்புக்குப் பதிலாக இன்றுவரை ஒன்றும் வரவில்லை. பஸ்ஸும் இல்லை, றோட்டும் போடவில்லை. த்ரீவீலர் பாதி வழியில் நின்றுவிடும், மிச்சம் நடை. அந்த ஜீப் புகை விட்டாலும் ஆளை ஏற்றியது.

ஓடிக்கொண்டே பெயர் வாங்கிய பழைய வண்டிகளும் உலகத்தில் உண்டு. டார்ஜிலிங் மாவட்டத்தில் மானேபஞ்சாங் என்றொரு சின்ன ஊர். அங்கிருந்து 3,636 மீற்றர் உயரமுள்ள சந்தக்பு மலைக்கு ஏறும் கரடுமுரடான பாதையில் 1950-களின் லேண்ட்ரோவர்கள் பல தசாப்தங்களாக ஹயர் ஓடியிருக்கின்றன. அதுவும் தேயிலை நாடுதான். அங்கே அவற்றைத் தேடிப் போகிறவர்கள் எழுதும்போது உள்ளூர் சாரதிகளைப் பற்றித்தான் எழுதுகிறார்கள், அந்தப் பாதையில் அந்த வண்டியை ஏற்றும் கைகளைப் பற்றி. புது வண்டிகள் வந்து அவற்றின் இடத்தைப் பிடிக்கும் பிரச்சினை அங்கேயும் இருக்கிறது. ஆனாலும் அந்த ஜீப்புகளின் புகழ் ஓட்டுகிறவர்களின் ஊரோடு சேர்ந்தே இருக்கிறது. எங்கள் மலையிலும் அது முடியாத காரியமில்லை. யாரும் அப்படி நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

செய்யக்கூடியது

புலம்பிவிட்டுப் போக இதை எழுதவில்லை. உங்கள் வீட்டில், லயத்துக்குப் பின்னால், மாமாவின் கராஜில் ஒரு பழைய ஜீப் நின்றால், தரகரிடம் பேசுவதற்கு முன் விளம்பரங்களைப் பார்த்து விலையை அறிந்துகொள்ளுங்கள். இது பெரியவர்களைவிட உங்களுக்கு லேசு. போன் உங்கள் கையில்தான் இருக்கிறது. 2022-இல் எனக்கு அது தோன்றவில்லை. அதற்காக இன்றும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

விற்கத்தான் வேண்டுமென்றால் பெயர் மாற்றிக் கொடுங்கள், பேப்பரின் பிரதிகளை வைத்துக்கொள்ளுங்கள். வண்டியைப் படம் எடுங்கள். யார் ஓட்டினார்கள், எந்த வருடம் எதை மாற்றினார்கள், எந்த பாஸ் செய்தார் என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்துப் பதிவு செய்யுங்கள். தாத்தாக்கள் வெற்றிலை மடிக்கும்போதே கேட்டுவிட வேண்டும். என் தாத்தாவிடம் நான் பாதிதான் கேட்டேன்.

வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. உங்களில் சிலர் சனி ஞாயிறு வரிசையாக மலைக்கு வருகிறீர்கள். லயத்துப் பிள்ளைகளுக்கு ஜன்னலால் டொபி எறிகிறீர்கள், படம் எடுக்கிறீர்கள், போகிறீர்கள். அடுத்தமுறை வண்டியை நிறுத்தி இறங்குங்கள். அங்கே நிற்கும் கிழவர்களில் யாராவது ஒருவருக்கு உங்கள் வண்டியின் கிளச் எந்த மேட்டில் நழுவும் என்று தெரிந்திருக்கலாம். நீங்கள் பெரிய காசு கொடுத்து வாங்கிய கதையின் மீதி அவரிடம் இருக்கிறது.

விளம்பரக்காரருக்கு நான் செய்தி அனுப்பினேன். இந்த ஜீப்பை ஓட்டியவர்கள் இன்னார் இன்னார் என்று எழுதி, துரையின் பெயரோடு இதையும் சேர்க்கச் சொன்னேன். "சிஸ்டர், அதெல்லாம் வாங்குற ஆளுக்குத் தேவையில்ல" என்று பதில் வந்தது. அடுத்த நாள் பார்த்தால் விளம்பரத்தில் ஒரு படம் குறைந்திருந்தது. பின்கதவுப் படம்.

விடுமுறைக்குப் போனபோது, நான் சேமித்து வைத்திருந்த அந்தப் படத்தைப் பெரியப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். துரையைப் பற்றி எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேன். அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

"பச்ச சரியில்ல. நம்மளோடது இன்னும் கொஞ்சம் மங்கலா இருக்கும்" என்றார். பிறகு, "வாங்குறவனுக்குச் சொல்லு, எறக்கத்துல ரெண்டாவது கியர் தானா கழண்டுரும். கையால புடிச்சுக்கிட்டே எறங்கணும்."

வாங்கப்போகிறவர் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால் இங்கே எழுதுகிறேன். அந்த ஜீப்பை யார் வாங்கினாலும், இறக்கத்தில் இரண்டாவது கியரைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். இதை உங்களுக்குச் சொல்வது அந்த ஜீப்பை 28 வருடம் ஓட்டியவர்.